சாலிஸ்பரி பிரபு யார்? விக்டோரியா காலத்துப் பிரபு அரசியலுக்கு ஓர் அறிமுகம்

1866-ம் ஆண்டு ஒரிசா பஞ்சத்தைப் பற்றிப் படித்தால், அப்போது லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்தவர் கிரான்போர்ன் பிரபு என்று போட்டிருக்கும். பத்து வருடம் தள்ளி, மதராஸ் ராஜதானியைப் புரட்டிப்போட்ட தாது வருஷப் பஞ்சத்துக்கு வந்தால், அதே நாற்காலியில் சாலிஸ்பரி பிரபு இருப்பார். கொஞ்சம் பின்னால் போய் 1853-ம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைப் பார்த்தால், லார்டு ராபர்ட் செசில் என்று 23 வயது இளைஞர் ஒருவர் புதிதாக வந்திருப்பார். மூவரும் ஒரே ஆள்தான். அண்ணன் இறந்தபோது ஒரு முறை பெயர் மாறியது, அப்பா இறந்தபோது இன்னொரு முறை.

அரசியலுக்கு வர நமக்குத் தெரிந்த வழி, கட்சியில் சேர்ந்து, மேடை ஏறி, தேர்தலில் நின்று வருவது. விக்டோரியா ராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான பிரிட்டனில் இன்னொரு வழியும் இருந்தது. சரியான வீட்டில் பிறப்பது. அந்த வழியாக வந்து, மூன்று தடவை பிரதமராகி, மொத்தம் 13 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர் சாலிஸ்பரி. அந்த வகையில் கிட்டத்தட்டக் கடைசி மனிதர். தன் வகை மறைந்துகொண்டிருப்பது அவருக்கே தெரியும். அதை முடிந்த மட்டும் தள்ளிப்போடுவதுதான் அவர் செய்த அரசியல். தள்ளிப்போடுவதில் அவரைப் போன்ற கெட்டிக்காரர் குறைவு. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வேறு இடங்களில் இருந்தார்கள்.

பட்டமும் சொத்தும் போகும் வழி

பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்களில் ஐந்து படிகள் உண்டு. மேலிருந்து டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். ஒரு பட்டத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொந்தக்காரர். அவர் இறந்தால் மூத்த மகனுக்குப் போகும், நிலமும் மாளிகையும் பெரும்பாலும் கூடவே போகும். நம் ஊர்ப் பாகப்பிரிவினை அங்கே கிடையாது. அண்ணன் தம்பிகள் வரப்பு போட்டு வயலைப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இருந்திருந்தால், மூன்று நான்கு தலைமுறையில் அங்கே பிரபு என்று சொல்லிக்கொள்ள யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு மரியாதைப் பெயர் மட்டும்தான். மார்க்விஸின் இளைய மகன் தன் பெயருக்கு முன்னால் 'லார்டு' போட்டுக்கொள்ளலாம். லார்டு ராபர்ட் செசில் என்பது அப்படி வந்த பெயர். சட்டத்தின் கண்ணில் அவர் சாதாரணக் குடிமகன், அதனால் நாடாளுமன்றத்தில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் காமன்ஸ் சபைக்குத் தேர்தலில் நிற்கலாம். வாரிசாக இருக்கும் மகனுக்கு, அப்பாவிடம் இருக்கும் சின்னப் பட்டங்களில் ஒன்றை இரவலாகக் கொடுப்பார்கள். கிரான்போர்ன் வைகவுண்ட் என்பது அந்த இரவல். அவரும் சட்டப்படி சாதாரண ஆள்தான். அப்பா இறக்கும் நாளில்தான் நிஜமான மார்க்விஸ் ஆகிறார். அன்றோடு காமன்ஸ் சபையில் அவருடைய இடம் போய்விடும். பட்டக்காரர்கள் உட்காரும் மேல்சபையான பிரபுக்கள் சபைக்குப் போயே ஆக வேண்டும், வேண்டாம் என்று சொல்ல அப்போது வழியில்லை.

ராபர்ட் பிறந்தது 1830 பிப்ரவரி 3-ம் தேதி, லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்டு மாளிகையில். அங்கிருந்த பழைய அரண்மனையில்தான் முதலாம் எலிசபெத் ராணி சிறு வயதில் வளர்ந்தார். அந்த ராணியின் முதன்மை மந்திரி வில்லியம் செசில், இவருடைய மூதாதை. அவருடைய இளைய மகன்தான் 1611-ல் இன்றிருக்கும் மாளிகையைக் கட்டி முடித்தார். இத்தனை பெருமையும் மூத்த மகனுக்குப் போகும். ராபர்ட் மூத்தவர் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ராணுவம், தேவாலயம், வக்கீல் தொழில், அரசியல் என்று நாலைந்து கதவுகள் மட்டும் திறந்திருக்கும்.

ஒன்பது வயதில் அம்மாவை இழந்தார். ஈட்டன் பள்ளியில் மற்ற மாணவர்கள் அவரை அடித்துத் துன்புறுத்தியதை அப்பாவுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 15 வயதில் அப்பா அவரைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டிலும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. பிரபு வீட்டுப் பிள்ளைக்கு இருந்த சலுகையில், கணிதத்தில் கௌரவ நான்காம் வகுப்புப் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். டாக்டர்கள் கடல் பயணம் போகச் சொன்னார்கள். 1851 முதல் 1853 வரை தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பியதும் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்டாம்ஃபோர்டு என்ற சிறு ஊர்த் தொகுதி. அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பர்லி மாளிகை, செசில் குடும்பத்தின் மூத்த கிளையான எக்ஸிட்டர் மார்க்விஸுக்குச் சொந்தம். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். ரகசிய வாக்கெடுப்பு 1872-ல்தான் வந்தது, அதுவரை யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். எக்ஸிட்டர் பிரபு கை காட்டிய ராபர்ட் போட்டியே இல்லாமல் ஜெயித்தார். அங்கே 15 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர், ஒரு தடவைகூட எதிராளியைத் தேர்தலில் சந்திக்கவில்லை. பின்னாளில் ஜனநாயகத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர், பேசியவர், தனக்காக ஒரு ஓட்டுக்கூடக் கேட்டதில்லை.

1857-ல் நீதிபதி ஒருவரின் மகள் ஜார்ஜினா ஆல்டர்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண் வீட்டில் பணமும் இல்லை, பட்டமும் இல்லை என்று அப்பாவுக்குக் கோபம். ஆகவே குடும்பம் நடத்த ராபர்ட் பேனாவை எடுத்தார். வார இதழ்களிலும் காலாண்டிதழ்களிலும் பெயர் போடாமல் எழுதிக் குவித்தார். பெரிய இடத்துப் பிள்ளைக்கு எழுத்துக் கூலி வாங்குவது கௌரவக் குறைச்சல். ஆனால் அவருடைய மொழி கூர்மையானது அங்கேதான். அவர் கட்சிக்காரரும் பின்னாளில் பிரதமரும் ஆன டிஸ்ரேலியே பிற்பாடு அவரை நக்கலிலும் நையாண்டியிலும் பெரிய மேதை என்று சபையில் சொன்னார். அவர் பேனாவிடம் அடி வாங்கியவருக்குத்தானே தெரியும்.

1865-ல் அண்ணன் இறந்தார். லார்டு ராபர்ட், ஒரே நாளில் கிரான்போர்ன் வைகவுண்ட் ஆகி, ஹாட்ஃபீல்டின் வாரிசானார். அடுத்த ஆண்டு ஜூலையில் இந்தியா மந்திரிப் பதவி.

இரண்டு மாதம்

இந்தியா மந்திரி என்பவர் வைஸ்ராய்க்கு மேலே, லண்டனில் உட்கார்ந்திருப்பவர். அவருக்கு ஆலோசனை சொல்ல 15 பேர் கொண்ட இந்தியக் கவுன்சில் இருந்தது. அவருக்கான சம்பளம் இந்திய வருவாயிலிருந்து போனது, நம் முன்னோர் கட்டிய வரியில்.

36 வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது ஒரிசாவில் பஞ்சம் முற்றியிருந்தது. 1865-ல் மழை பொய்த்திருந்தது. வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் சிசில் பீடன் 1866 தொடக்கத்தில் ஒரிசாவுக்கு நேரில் போயும், வியாபாரிகள் தானியம் கொண்டுவருவார்கள், அரசு தலையிட வேண்டியதில்லை என்று இருந்துவிட்டார். புத்தி தெளிந்தபோது பருவமழை தொடங்கிவிட்டது. கப்பல் கரைக்கு வர முடியவில்லை, வண்டி ஓடப் பாதை இல்லை. பத்து லட்சம் பேர் அளவில் செத்தார்கள்.

புது மந்திரியிடம் விஷயம் வந்தபோது, இந்திய அதிகாரிகள் சொன்னதை நம்பி, பெரிதாக ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார். இரண்டு மாதம் தான் எதுவுமே செய்யவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குற்ற உணர்வு கடைசிவரை அவரை விடவில்லை. 1867-ல் காமன்ஸ் சபையில் இதைப் பற்றிப் பேசும்போது, அதிகாரிகள் பொருளாதாரக் கோட்பாட்டைக் குலதெய்வம் மாதிரி கும்பிட்டார்கள், வரத்தும் தேவையும் கடைசியில் சரியாகிவிடும் என்று நம்பினார்கள், சாப்பாடு இல்லாமல் மனிதன் சில நாளுக்கு மேல் உயிரோடு இருக்க முடியாது என்பதை மறந்துவிட்டார்கள் என்ற பொருளில் சாடினார். பிரிட்டிஷ் மந்திரி ஒருவர் இந்தியப் பஞ்சத்தைப் பற்றிச் சொன்ன மிக நேர்மையான பேச்சுகளில் ஒன்று அது என்று நான் நினைக்கிறேன்.

அப்படிப் பேசியபோது அவர் மந்திரி இல்லை. அந்த ஆண்டு மார்ச்சிலேயே ராஜினாமா செய்திருந்தார், காரணம் வேறு. அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சி அரசில் நிதியமைச்சராக இருந்த டிஸ்ரேலி, ஓட்டுரிமையை நகரத் தொழிலாளர்களுக்கும் விரிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் பத்து லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை அதனால் ஏறக்குறைய இரட்டிப்பானது. சொத்தில்லாதவர்கள் எண்ணிக்கையால் ஜெயித்துச் சொத்துள்ளவர்களைச் சுரண்டுவார்கள் என்பது கிரான்போர்னின் பயம். பதவியை உதறிவிட்டு, கட்சி சரணடைந்துவிட்டது என்று காட்டமாகக் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு அப்பா இறந்தார். மூன்றாவது சாலிஸ்பரி மார்க்விஸாகப் பிரபுக்கள் சபைக்குப் போனார்.

தாது வருஷம்

1874-ல் டிஸ்ரேலி பிரதமராகி, தன்னை அவ்வளவு திட்டியவரையே கூப்பிட்டு மறுபடி இந்தியா மந்திரி ஆக்கினார். சாலிஸ்பரி தயங்கித் தயங்கித்தான் ஒத்துக்கொண்டார்.

இந்தக் காலத்தில் அவர் எழுதிய ஒரு குறிப்பு இந்தியாவில் பிரபலமானது. இந்தியாவிடமிருந்து இரத்தம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், இரத்தம் கட்டியிருக்கும் இடத்தில் கத்தியை வைக்க வேண்டும், ஏற்கெனவே சோகை பிடித்த இடத்தில் வைக்கக் கூடாது என்று 1875-ல் எழுதினார். கிராமத்து விவசாயி மேல் நிலவரிச் சுமை அதிகம் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. இந்திய வருவாயில் கணிசமான பகுதி நேரடிப் பிரதிபலன் இல்லாமல் வெளியே போகிறது என்பதையும் அதே குறிப்பில் ஒப்புக்கொண்டிருந்தார். தாதாபாய் நௌரோஜி விடுவாரா? இந்தியாவின் செல்வம் பிரிட்டனுக்கு வடிகிறது என்று வாதாடியவருக்கு, மந்திரியின் கையாலேயே எழுதிய சாட்சி கிடைத்துவிட்டது.

சிவில் சர்வீஸ் தேர்வு எழுத உச்ச வயதை 21-லிருந்து 19 ஆகக் குறைத்ததும் சாலிஸ்பரிதான். தேர்வு நடந்தது லண்டனில் மட்டும். இந்தியாவிலிருந்து ஒரு பையன் அந்த வயதுக்குள் ஆங்கிலமும் லத்தீனும் படித்து, கப்பலேறிப் போய் எழுத வேண்டும். சுரேந்திரநாத் பானர்ஜி இதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டார். இந்தியா முழுக்க ஒரே கோரிக்கைக்காக நடந்த முதல் அரசியல் கிளர்ச்சிகளில் அது ஒன்று.

1876-ல் தென்னிந்தியாவில் மழை பொய்த்தது. தமிழில் அது தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம் என்ற பேச்சு இன்றும் கிராமங்களில் இருக்கிறது. மதராஸ் அரசு தானே தானியம் வாங்கிச் சேர்த்ததை வைஸ்ராய் லிட்டன் கண்டித்து, 1877 ஜனவரியில் ரிச்சர்டு டெம்பிளை அனுப்பினார். இதே டெம்பிள் 1874-ல் பீகாரில் பர்மா அரிசியைத் தாராளமாக இறக்கிப் பெரும்பாலும் உயிரிழப்பைத் தடுத்தவர். பணத்தை வாரி இறைத்தார் என்று அதற்காகத் திட்டு வாங்கியவர். இந்தத் தடவை கையை இறுக்கினார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும்தான் கூலி. ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், காய்கறி பருப்பும் வேண்டும் என்று மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் போராடினார். மே மாதத்தில் கூலி கொஞ்சம் ஏறியது. சென்னையில் இன்று சாக்கடையாகக் கிடக்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் அடையாறு–கூவம் துண்டு அந்தப் பஞ்ச வேலையில் வெட்டியதுதான். 1878-ல் பஞ்சம் தணிந்தபோது 50 லட்சத்துக்கு மேல் செத்திருந்தார்கள்.

சாலிஸ்பரிக்கு இதில் எவ்வளவு பங்கு? உத்தரவுகள் லிட்டனுடையவை. ஆனால் லிட்டன் பதில் சொல்ல வேண்டிய மந்திரி இவர்தான். 1866-ல் கடிதத்தை நம்பியே பெரும்பாலும் காரியம் நடந்தது என்றால், 1870-லேயே லண்டனுக்கும் பம்பாய்க்கும் கடலடித் தந்திக் கம்பி வந்துவிட்டது. டெம்பிள் மதராஸுக்குக் கிளம்பிய நேரத்தில் சாலிஸ்பரி கான்ஸ்டான்டிநோபிள் மாநாட்டில் துருக்கி விவகாரம் பேசிக்கொண்டிருந்தார். குலதெய்வக் கும்பிடு என்று பத்து வருடம் முன் அவர் சாடிய அதே கோட்பாடுதான் இப்போது அவர் பொறுப்பில் இருந்த நாட்டில் ஆட்சி செய்தது. ஒரிசாவுக்காகக் கடைசிவரை வருந்தியவர், மதராஸ் விஷயத்தில் லிட்டனின் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மன்னிக்க முடியாமல் இருப்பது இதுதான்.

1878 ஏப்ரலில் வெளியுறவு மந்திரியாகி, அந்தக் கோடையில் டிஸ்ரேலியுடன் பெர்லின் மாநாட்டுக்குப் போனார், சைப்ரஸ் தீவின் நிர்வாகத்தையும் பிரிட்டனுக்கு வாங்கிக்கொடுத்தார். மூன்றாண்டில் டிஸ்ரேலி மறைய, பிரபுக்கள் சபையில் கட்சித் தலைமை இவர் கைக்கு வந்தது.

ஜனநாயகத்துக்குப் பயந்தவர் தொகுதி பிரித்த கதை

1884-ல் லிபரல் பிரதமர் கிளாட்ஸ்டன் கிராமப்புறக் கூலியாட்களுக்கும் ஓட்டுரிமை கொடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். பிரபுக்கள் சபையில் தனக்கிருந்த பெரும்பான்மையை வைத்து சாலிஸ்பரி அதை மறித்தார். ஓட்டு விரிவதை நிரந்தரமாக நிறுத்த முடியாது என்று அவருக்குத் தெரியும். தொகுதிகளைத் திருத்தி அமைக்காமல் விட மாட்டேன் என்று பேரம் பேசினார். லண்டன் ஆர்லிங்டன் தெருவில் அவருடைய வீட்டிலேயே இரண்டு கட்சித் தலைவர்களும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அதுவரை பல ஊர்களுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். இனிமேல் பெரும்பாலான இடங்களில் ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர்.

இதில் அவருக்கு என்ன லாபம்? பெரிய நகரம் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்தால் தொழிலாளர் ஓட்டில் புறநகர் நடுத்தர வர்க்கம் அமுங்கிப்போகும். நகரத்தைத் துண்டு போட்டால், தோட்டம் வைத்த வீடுகள் இருக்கும் புறநகர்கள் தனித் தொகுதி ஆகிவிடும். அங்கே இருப்பவர்களுக்கும் இழக்கச் சொத்து இருக்கிறது, அவர்கள் கன்சர்வேட்டிவ் கட்சிக்கே போடுவார்கள். கணக்கு பலித்தது. கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்குத் தன்னாட்சி தருவேன் என்று 1886-ல் தன் கட்சியையே இரண்டாக உடைத்துக்கொண்டதும் சேர்ந்துகொள்ள, அடுத்த 20 ஆண்டுகளில் பெரும்பகுதி கன்சர்வேட்டிவ் ஆட்சிதான்.

தன்னாட்சியை எதிர்த்து அவர் பேசிய பேச்சில் அவர் மனசு அப்படியே வெளியே வந்தது. பெரும்பான்மை ஆட்சி என்பது ஜெர்மானிய இனத்தவருக்குத்தான் நன்றாக ஒத்துவரும், ஆப்பிரிக்கப் பழங்குடிகளிடமோ இந்தியர்களிடமோ அதை ஒப்படைப்பீர்களா என்று கேட்டார். 1888-ல் எடின்பரோவில் பேசும்போது, ஒரு கறுப்பு மனிதனைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு பிரிட்டிஷ் தொகுதி இன்னும் வந்துவிட்டதாகத் தான் நினைக்கவில்லை என்றார். அவர் குறிப்பிட்டது நௌரோஜியை. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அதுவரை பிரிட்டனில் பலருக்குத் தெரியாத நௌரோஜி பெயர் நாடு முழுக்கப் பரவியது. 1892-ல் லண்டனில் சென்ட்ரல் ஃபின்ஸ்பரி தொகுதியில் அவர் ஐந்தே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே தேர்தலுக்குப் பிறகு சாலிஸ்பரி பிரதமர் பதவியை இழந்தார்.

வீட்டில்

பிரதமராக இருந்தபோதும் டவுனிங் தெரு 10-ம் எண் வீட்டில் அவர் குடியேறவில்லை. ஆர்லிங்டன் தெருவும் ஹாட்ஃபீல்டும் போதும். அங்கே அவர் வேறு மனிதர். சொந்தமாக வேதியியல் ஆய்வகம் வைத்திருந்தார். அரசியலில் எந்தப் புதுமையையும் சந்தேகத்தோடு பார்த்தவர், வீட்டில் புதுசு எதுவானாலும் முதல் ஆளாக மாட்டிப் பார்ப்பார். 1880-களின் தொடக்கத்திலேயே மாளிகைக்கு மின்விளக்கு வந்துவிட்டது. கம்பிகளுக்கு உறை சரியாகப் போடாத காலம். நீளமான கூடத்தின் மேல்தளத்தில் திடீர் திடீரென்று தீப்பொறி கிளம்பும். கீழே பேசிக்கொண்டிருக்கும் குடும்பத்தினர் சோபா மெத்தையைத் தூக்கி எறிந்து அணைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்களாம். வேடிக்கையாகத்தான் இதைச் சொல்வார்கள். அதே தோட்டத்தில் கம்பியைத் தொட்ட வேலையாள் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆறடிக்கு மேல் உயரம், கனத்த உடம்பு, நீண்ட தாடி. வயதான பிறகு உடற்பயிற்சிக்கு மூன்று சக்கர சைக்கிள் ஓட்டினார். மேடு வந்தால் வேலைக்காரர் பின்னால் இருந்து தள்ளுவார், இறக்கத்தில் அவரும் பின்னால் தொற்றிக்கொள்வார். முகங்கள் நினைவில் நிற்காது. தன் மந்திரிசபையில் இருப்பவரையே அடையாளம் தெரியாமல், பக்கத்தில் இருந்தவரிடம் அவர் யார் என்று கேட்டதாகக் கதைகள் உண்டு.

வெளியுறவுத் துறையை ஏறக்குறைய எப்போதும் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஆற்றோட்டத்தோடு சோம்பலாக மிதந்து போவது, மோதப்போகும்போது மட்டும் கழியை நீட்டி விலகுவது, இதுதான் ஆங்கிலேயக் கொள்கை என்று லிட்டனுக்கு ஒரு முறை எழுதியிருக்கிறார், தாது வருஷத்தில்தான். நிரந்தரக் கூட்டணி எதிலும் சிக்காமல் அந்தந்த நேரத்துக்கு ஒப்பந்தம் போட்டார். 1890-ல் வடகடலில் இருந்த ஹெலிகோலாந்து தீவை ஜெர்மனிக்குக் கொடுத்துவிட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸான்ஸிபாரில் ஜெர்மனியின் போட்டியை விலக்கினார். ஐரோப்பாவில் பெரிய போர் வராமல் பார்த்துக்கொண்டார். ஆப்பிரிக்கா வரைபடத்தில் கோடுகளாகப் பிரிந்ததும் அதே மேசையில்தான். ஜிம்பாப்வேயின் தலைநகரான இன்றைய ஹராரே நகரத்துக்கு 1982 வரை சாலிஸ்பரி என்றே பெயர். 1899-ல் தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளிக் குடியேறிகளோடு போயர் போர் வந்தபோது மிதப்பதெல்லாம் முடிந்துபோனது. முகாம்களில் அடைத்த பெண்களும் குழந்தைகளும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

அதே ஆண்டு மனைவி இறந்தார். மந்திரிசபையிலும் அரசுப் பதவிகளிலும் மகன், மருமகன், சகோதரி மகன்கள் என்று உறவினர் நிறைந்திருக்க, லண்டனில் அப்போது புதிதாகத் திறந்திருந்த பெரிய ஹோட்டலின் பெயரைச் சொல்லி 'ஹோட்டல் செசில்' என்று கிண்டல் செய்தார்கள். 1902 ஜூலையில் சகோதரி மகன் ஆர்தர் பால்ஃபரிடம் பிரதமர் பதவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். 1903 ஆகஸ்ட் 22-ம் தேதி, பிறந்த வீட்டிலேயே இறந்தார்.

பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தபடியே முழு ஆட்சிக்காலம் நாட்டை நடத்திய பிரதமர் அவருக்குப் பிறகு யாரும் இல்லை. 1923-ல் அந்த இடத்துக்குக் காத்திருந்தவர் கர்சன். இளம் வயதில் சாலிஸ்பரியிடம் உதவியாளராக இருந்தவர், அவர் ஆட்சியில் இந்தியாவுக்கு வைஸ்ராயாகப் போனவர். பிரதமர் காமன்ஸ் சபையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் வலுத்திருந்தது, வாய்ப்பு பால்டுவினுக்குப் போனது. 1963-ல் ஹோம் பிரபுவுக்குப் பிரதமர் பதவி வந்தபோது, அந்த ஆண்டு வந்த புதுச் சட்டப்படி பட்டத்தைத் துறந்து, ஸ்காட்லாந்தில் இடைத்தேர்தலில் நின்று, ஓட்டு வாங்கிக் காமன்ஸ் சபைக்கு வந்தார்.